அனுப்பியவர் பெயரை நம்பலாமா? மெயில் சர்வர் அண்ணாச்சியின் கேள்வி பதில்

கே (கல்லிடைக்குறிச்சி, அப்பள வியாபாரம்): என் முகவரியிலிருந்தே எனக்கு மெயில் வந்திருக்கிறது அண்ணாச்சி. "உன் கம்ப்யூட்டர் என் கையில், பிட்காயின் அனுப்பு" என்கிறான். ஹேக் செய்துவிட்டானா?

ப: அநேகமாக இல்லை. மெயிலைக் கொண்டுபோகும் எஸ்எம்டிபி முறை 1982-இல் வரையறுக்கப்பட்டது. அனுப்புகிறவன் சொல்லும் பெயர் உண்மைதானா என்று பார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. போதாக்குறைக்கு, பெயர் இரண்டு இடத்தில் இருக்கும்: மெயிலைக் கைமாற்றும் கம்ப்யூட்டர்களான சர்வர்கள் பேசிக்கொள்ளும் கவரில் ஒன்று, உள்ளே கடிதத் தலைப்பில் ஒன்று. நம் கண்ணில் படுவது தலைப்பு மட்டும்தான். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. எங்கோ இட்ட அப்பளத்தைக் கல்லிடைக்குறிச்சி என்று அச்சடித்த பையில் போட்டு விற்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அதே வேலைதான் இது. பணம் அனுப்பாதீர்கள். மன நிம்மதிக்குப் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள். லிங்க் இருந்தால் அமுக்காதீர்கள்.

கே (வண்ணார்பேட்டை): நான் அனுப்பாத மெயில்கள் "போய்ச் சேரவில்லை" என்று எனக்குத் திரும்பி வருகின்றன.

ப: எவனோ கவரில் அனுப்பியவர் என்று உங்கள் முகவரியைப் போட்டிருக்கிறான், அதனால் போய்ச் சேராதது உங்களிடம் திரும்புகிறது. பொறுத்திருங்கள், அடங்கிவிடும்.

கே (தென்காசி): இதைத் தடுக்க வழியே இல்லையா?

ப: உண்டு. எங்கள் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்று டொமைன்காரர் (முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயருக்குச் சொந்தக்காரர்) வெளியிடும் பட்டியல் எஸ்பிஎஃப். மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம் டிகிம். இவை தலைப்பிலுள்ள பெயரோடு பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். மொத்தமாக அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் இவற்றைக் கட்டாயமாக்கின. ஆனால் ஓரெழுத்து மாற்றிப் புது டொமைன் வாங்குகிற திருடன் மூன்றிலும் ஒழுங்காகத் தேறிவிடுவான்.

கே (பாளையங்கோட்டை, தபால் துறையில் ஓய்வு பெற்றவர்): கவர் உவமை சரியில்லை. அனுப்பியவர் முகவரியை நாங்கள் என்றைக்கு நம்பினோம்? முத்திரையைத்தானே பார்ப்போம்?

ப: சார்வாள், முத்திரை இதிலும் உண்டு. வழியிலுள்ள ஒவ்வொரு சர்வரும் 'ரிசீவ்ட்' என்று ஒரு வரி சேர்க்கும். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' போனால் தெரியும். ஆனால் கள்ள முத்திரைகளை முதலிலேயே குத்தி அனுப்பலாமே?

கே (அவரே): குத்தட்டும். கடைசியில் எங்கள் ஆபீஸில் விழுந்த முத்திரை பொய்யாகுமா?

ப: ஆகாது. உங்கள் சர்வரே போட்ட வரி மேலே இருக்கும், அதிலிருந்து கீழே இறங்கிப் படிக்க வேண்டும். இத்தனை வருஷமாக இதை நான் சுற்றி வளைத்துத்தான் சொல்லி வந்திருக்கிறேன். இனி முத்திரைதான்.

கே (மேலப்பாளையம்): என் முகவரியிலிருந்தே எனக்கு மெயில்...

ப: முதல் பதில்.

கே (அம்பாசமுத்திரம்): ஸ்பாமை, அதாவது கேட்காமலே வந்து குவியும் விளம்பர மெயிலைப் பார்த்து யார்தான் வாங்குகிறார்கள்? ஏன் ஒழியவில்லை?

ப: 2008-இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் ஒரு மருந்து ஸ்பாமைப் பின்தொடர்ந்தார்கள். சுமார் 35 கோடி மெயிலுக்கு 28 விற்பனை. கடை வைத்தவன் இந்தக் கணக்கில் ஒரு வாரம் தாங்க மாட்டான். ஆனால் ஸ்பாம்காரனுக்குச் செலவு ஏது? வைரஸ் புகுந்த அடுத்தவன் கம்ப்யூட்டர், அடுத்தவன் கரண்ட் பில். அதில் 28 பேர் லாபம்தான்.

கே (சேரன்மகாதேவி): 'அன்சப்ஸ்கிரைப்' அமுக்கலாமா?

ப: நீங்களே பதிவு செய்த கடை என்றால் அமுக்கலாம். முன்பின் தெரியாதவன் என்றால் ஸ்பாம் பட்டன். லிங்க், லிங்க், லிங்க்! அமுக்காதீர்கள்.

கே (டவுன்): அண்ணாச்சி, எனக்கே என் முகவரியிலிருந்து...

ப: முதல் பதில் என்றேனே!

கே (களக்காடு): லிங்கை அமுக்கிவிட்டேன். ஓடிபியும் போட்டேன். இப்போதுதான் பணம் போயிற்று.

ப: இதைப் படித்துக்கொண்டு இருக்காதீர்கள் தம்பி. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு இப்போதே போன் போடுங்கள், அப்புறம் பேங்குக்கு.