ரக்பி: ரக்கில் யார் மீது விசில் ஊதுவது?

ரக்பி ஆட்டத்தில் நடுவராக நிற்கும்போது, டேக்கிளுக்குப் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்துத் தரையில் வீழ்த்துவது) பிறகு யார் தப்பு என்று கண்டுபிடிப்பதற்குள் நாலு பேர் மேலே விழுந்துவிடுகிறார்கள், இரண்டு அணியும் கத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்காதீர்கள். முதலில் டேக்கிள் செய்தவரைப் பாருங்கள். அவர் ஆளை விட்டாரா, உடனே விலகினாரா? என் பார்வையில் பாதித் தகராறு இங்கேதான் பிறக்கிறது. அவர் விலகாதபோது, பந்தோடு விழுந்தவர் பந்தை விடவில்லை என்று தண்டிப்பது அநியாயம்.

அடுத்து, பந்தைப் பறிக்கக் குனிபவர். சொந்தக் காலில் நிற்க வேண்டும். கையையோ முழங்கையையோ தரையில் ஊன்றக் கூடாது. ரக் (தரையில் கிடக்கும் பந்தின் மேல் இரு அணியினரும் நின்றபடி முட்டிக்கொள்வது) உருவாகும் முன்பே பந்தில் கை வைத்திருந்தால், உருவான பிறகும் அவர் கையை எடுக்க வேண்டியதில்லை. அவர் பந்தைத் தூக்க முயல்கிறார், கீழே கிடப்பவர் விடவில்லை என்றால் உடனே ஊதுங்கள். எதிரணி வந்து மோதுவதை அவர் தாங்குகிறாரா என்று காத்திருக்க வேண்டாம். 2020இல் ரக்பியின் உலக நிர்வாக அமைப்பான வேர்ல்ட் ரக்பியும் இதையே வலியுறுத்தியது. தாமதித்தால் அவர் கழுத்துக்கும் முழங்காலுக்கும் ஆபத்து.

ரக்குக்குள் பக்கவாட்டில் நுழைபவர்களையும் விடாதீர்கள். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கறாராக இருங்கள், பிறகு கத்தல் தானாகக் குறையும்.