'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா?

'ஷி ரன்ஸ் எ ஸ்கூல்' என்ற வரியில் யார் ஓடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். யாரும் ஓடவில்லை, அவர் பள்ளி நடத்துகிறார். ஆக்ஸ்போர்டு அகராதி 'ரன்' என்ற வினைக்கு மட்டுமே 645 பொருள் தருகிறது. அதனால் மனப்பாடம் செய்யப் பார்க்காதீர்கள். பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்: தண்ணீர் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது. இங்கெல்லாம் ஆங்கிலத்திலும் 'ரன்'தான்.

சிக்கல் பின்னால் ஒட்டும் சின்னச் சொல்லில்தான் இருக்கிறது. 'ரன் அவுட் ஆஃப் மில்க்' என்றால் பால் தீர்ந்துவிட்டது. 'ரன் இன்டு எ ஃபிரெண்ட்' என்றால் நண்பரை எதிர்பாராமல் பார்த்தது. அதே 'ரன் இன்டு' சுவரோடு வந்தால் மோதியது! இவற்றை முழுத் தொடராகவே எழுதி வையுங்கள். அப்புறம், 'ரன் ஃபார் மேயர்' என்றால் மேயர் தேர்தலில் நிற்பது.