வார்டில் சேர்க்காமலே மகனுக்குத் தீவிர மனநலச் சிகிச்சை தர முடியுமா?

அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு சாப்பிட மறுக்கும் மகனைப் பற்றிக் கடலூரிலிருந்து நீங்கள் கேட்டதற்கு, முடியும் என்பதே பதில். அமெரிக்காவில் இதற்கென உள்ள முறையில், பிள்ளை வீட்டில் தங்கியபடியே வாரத்தில் 3 முதல் 5 நாட்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மணி நேரம் குழு அமர்வு, தனி ஆலோசனை, பெற்றோருடனான அமர்வு, மருந்துக் கண்காணிப்பு ஆகியவற்றைப் பெறுகிறான், ஓ.பி. சீட்டோடு மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கி வருவதற்கும் உள்நோயாளியாகச் சேர்வதற்கும் இடைப்பட்டது இது. காலையில் அமர்வில் கற்றதை, அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இட்லியைத் தொடாமலிருந்த அதே வீட்டில், அன்றிரவே அவன் பழகிப் பார்க்க முடிவதுதான் இதன் பலம் என்பேன்.

நம் பக்கம் இதே வடிவத்தைத் தேடி அலையாமல், புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முதலில் காட்டி, வாரந்தோறும் ஆலோசனை கிடைக்குமா என்று கேளுங்கள். பஸ் அலைச்சல் உண்டுதான். தற்கொலைப் பேச்சு எழுந்தால் மட்டும் காத்திராமல் அவசரப் பிரிவுக்கே அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.