ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை போய்விட்டது. வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு எங்கே மனு போடுவது?

மூன்று வருடம் வேலை, மாதம் 15,000 சம்பளம், ஆர்டர் இல்லை என்று போன மாதம் நிறுத்திவிட்டார்கள், வேலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே போகாதீர்கள். 2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகு ஆம்பூர் திருப்பத்தூரில் இருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வேலைவாய்ப்பு அலுவலகம் தரும் உதவித்தொகை வேலையை இழந்தவருக்கானது அல்ல. பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருந்தும் வேலை கிடைக்காதவருக்கானது. பத்தாவது தேறியவருக்கு மாதம் 300, பட்டதாரிக்கு 600 ரூபாய்தான்.

நீங்கள் போக வேண்டிய இடம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிளை அலுவலகம். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறதா பாருங்கள். பிடித்திருந்தால் ‘அடல் பீமித் வியக்தி கல்யாண்’ திட்டத்தில் கேட்கலாம். 2018 ஜூலையில் தொடங்கி, அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வரும் திட்டம் இது. சராசரி தினக்கூலியில் பாதியை அதிகபட்சம் 90 நாளுக்குத் தருவார்கள். வாழ்நாளில் ஒருமுறைதான்.

தகுதி இதுதான்: வேலை போகும் முன் இரண்டு வருடம் இ.எஸ்.ஐ.-யில் இருந்திருக்க வேண்டும். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று ஆறு ஆறு மாதமாகப் பங்களிப்புக் காலம் கணக்கிடுவார்கள். வேலை போனதற்கு நேர் முந்தைய காலத்தில் 78 நாள், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாள் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வில் போனவர் இவர்களுக்குக் கிடையாது.

தொகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடைசி மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட மாட்டார்கள். நான்கு பங்களிப்புக் காலத்தின் மொத்தச் சம்பளத்தை 730 நாளால் வகுப்பார்கள். இரண்டு வருடமும் மாதம் 15,000 என்றால் 3,60,000. ஒரு நாளைக்கு 493. அதில் பாதி, 90 நாளுக்குச் சுமார் 22,190 ரூபாய். ஆர்டர் குறைந்து அதில் ஒரு வருடம் பாதி நாள்தான் வேலை கொடுத்ததால் மொத்தம் 2,70,000-தான் வந்தது என்றால் சுமார் 16,640 ஆகிவிடும்.

வேலை போய் 30 நாள் கழித்து மனு போடலாம். கடந்த நாட்களுக்குத்தான் கேட்க முடியும், வரப்போகும் நாட்களுக்கு முன்கூட்டியே கேட்க முடியாது. இ.எஸ்.ஐ. இணையதளத்தில் ஐ.பி. நம்பரில் (உங்கள் இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்) நுழைந்து விண்ணப்பத்தை நிரப்புங்கள். ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல்களை எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்திலும் நேரில் கேட்டுவிடுங்கள்.

மனு மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பதிவுகளில். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் கம்பெனி மாறும்போதெல்லாம் புது ஐ.பி. நம்பர் போட்டுவிடுகிறார்கள். பழைய நம்பரில் கட்டிய நாட்கள் தனியாகக் கிடக்கும், 78 நாளோ இரண்டு வருடமோ நிறையாது. பழைய நம்பர் இருந்தால் மனுவுக்கு முன்பே சொல்லி ஒன்றாக இணைக்கச் சொல்லுங்கள். ஆதாரில் ‘முருகன் கே’, பாஸ்புக்கில் ‘கே முருகன்’ என்று இனிஷியல் இடம் மாறியிருந்தாலும் தடங்கல் வரும். சிண்டிகேட் வங்கிக் கணக்கு வைத்திருந்தவர்கள் 2020-ல் கனராவோடு சேர்ந்த பிறகு வந்த புது ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணைத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது, வேலையை விட்ட தேதியும் காரணமும். அதைத் தளத்தில் ஏற்ற வேண்டியது கம்பெனி. காண்ட்ராக்டில் இருந்தவருக்குக் காண்ட்ராக்டர். தேதி ஏற்றாவிட்டால் நீங்கள் இன்னும் வேலையில் இருப்பதாகவே தெரியும். காரணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இதை அழுத்திச் சொல்கிறேன்: கணக்கு முடித்துத் தருகிறோம், ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றால் அவசரப்படாதீர்கள். ஆட்குறைப்பு என்றால் முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம் நஷ்டஈடாகக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தானாக விலகியவருக்கு அது கிடையாது. இன்னொன்று, சட்டப்படி ஆட்குறைப்போ ஆலை மூடலோ என்று ஆதாரம் இருந்தால் 2005-ல் வந்த ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டத்தில் 24 மாதம் வரை வாங்கலாம்: முதல் 12 மாதம் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். 90 நாள் திட்டத்தைவிட இது எவ்வளவோ பெரிது. ஆகவே கிளை அலுவலகத்தில் முதலில் ராஜீவ் காந்தி திட்டத்தைக் கேளுங்கள், அது இல்லையென்றால் 90 நாள் திட்டத்தைப் பாருங்கள்.

உதவித்தொகை பெறும் காலத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமும் தொடரும். வீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் இருந்தால் டிஸ்பென்சரிக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள்.