தோளில் வைத்த கை

வணக்கம்.

கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். எனக்கு 44 வயது, மனைவிக்கு 41. திருமணமாகி 15 வருடம். பெரிய சண்டை எதுவும் கிடையாது. அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது என்று ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வருடமாக நான் நெருங்கினாலே ‘தூக்கம் வருது’ என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். தோளில் கை வைத்தால்கூட உடம்பு விறைத்துவிடுகிறது. நான் வற்புறுத்துவதில்லை. போன வாரம் அப்படித்தான் நடந்தது. பாத்ரூமுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வந்து படுத்ததும் ‘என்னாச்சு?’ என்றாள். ‘ஒண்ணுமில்ல’ என்றேன். இது பசி மாதிரி உடம்பின் தேவைதானே? கிடைக்காவிட்டால் எரிச்சல் வரலாம், அழுகை ஏன் வருகிறது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

பசிக்கு யார் போட்டாலும் சோறுதான். நீங்கள் கேட்பது அந்த ஒருவரிடமிருந்து மட்டுமே வரக்கூடியது. பசி என்ற உவமை அங்கேயே உடைந்துவிடுகிறது.

ஆண்களில் பலருக்கு அம்மாவின் மடி பத்து வயதோடு முடிந்துபோகிறது. நண்பன் தோளில் கை போட்டு நடப்பதும் ஒரு வயதோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு நம்மை ஒருவருக்குப் பிடித்திருக்கிறது என்பது தோலில் தெரிவது கட்டிலில் மட்டும்தான். பயம், தனிமை, வேலையிடத்தில் பட்ட அவமானம் எல்லாவற்றையும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் எடுத்துப் போகிறோம். மன்னிப்புக் கேட்பதைக்கூட! அது சாத்தப்படும்போது ‘இன்றைக்கு வேண்டாம்’ என்பது ‘நீ வேண்டாம்’ என்று காதில் விழுகிறது. உங்கள் அழுகை அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தத் தோளைப் பற்றிய வரியை. உங்கள் கை பட்டதும் அவர் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. சாய்ந்துகொண்டால் ‘சரி’ என்று எடுத்துக்கொள்வாரோ, பிறகு பாதியில் நிறுத்தினால் முகம் வாடுமோ என்று. அதற்குச் சாயாமலே இருந்துவிடலாம். அவருக்கும் சும்மா அணைத்துக்கொண்டு படுக்க ஆசை இருக்கலாம், பாவம்.

மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1970இல் வெளியிட்ட சிகிச்சைமுறை ஒரு தடையோடு தொடங்குகிறது: கொஞ்ச நாளைக்குக் கலவி கூடாது. மார்பையும் பிறப்புறுப்பையும் விட்டுவிட்டு, ஒருவரை ஒருவர் மாறி மாறித் தொட்டால் போதும். அடுத்து என்ன என்ற பேச்சே இல்லாதபோது தொடுதல் மறுபடி வெறும் தொடுதலாகிறது.

கனடாவில் பணியாற்றிய மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் 2000இல் எழுதியதும் உங்களுக்கு உதவும். நீண்டகால உறவில் இருக்கும் பல பெண்களுக்கு ஆசை முன்னால் வருவதில்லை; நெருக்கம் பிடித்துப்போய், அதற்குள் போன பிறகே ஆசை எழுகிறது என்றார். உங்களுக்கு நெருக்கத்துக்கான வழி கலவி, அவருக்குக் கலவிக்கான வழி நெருக்கம் என்றால், இரண்டு பேரும் ஒரே வாசலின் இரு பக்கம் நின்று காத்திருக்கிறீர்கள். இதை ‘ஆரம்பித்துவிட்டால் சரியாகிவிடும்’ என்று மட்டும் படித்துவிடாதீர்கள். மனமில்லாமல் இணங்கும் உடலின் பக்கத்தில் படுப்பதைப்போலத் தனிமை வேறில்லை, இருவருக்குமே.

வலி, வறட்சி, மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாற்றங்கள், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் ஆகியவையும் ஆசையைக் குறைக்கும். அவர் விரும்பினால் மருத்துவரிடம் கேட்கலாம்.

‘தெரியாதது ஒன்றும் இல்லை’ என்று எழுதியிருந்தீர்கள். ‘அறிதோறு அறியாமை கண்டற்றால்’ என்று தொடங்கும் 1110ஆவது குறள், சேரச் சேரக் காமம் புதிதாவதை, படிக்கப் படிக்க நம் அறியாமை தெரியவருவதோடு ஒப்பிடுகிறது. அவரோடு சேராத இந்த ஒரு வருடத்தில் அவர் உடம்பில் என்ன மாறியது, எதற்குச் சோர்கிறார், எந்தத் தொடுதல் இப்போது பிடிக்கவில்லை? கடிதத்தில் இதில் ஒன்றுகூட இல்லை.

இந்தப் பதிலை அவரிடம் காட்ட வேண்டாம். பகலில், படுக்கையறைக்கு வெளியே, ‘அன்னிக்கு அழுதேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். குழாய்ச் சத்தத்தை அவர் அன்றைக்கே கேட்டிருப்பார்.