பழைய எம்எக்ஸ்-5-க்கு வேறு ஸ்டியரிங்: கேள்வியும் பதிலும்

என்னிடம் இருப்பது 1991ஆம் வருஷத்து யூனோஸ் ரோட்ஸ்டர். மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐ ஜப்பானில் அந்தப் பெயரில்தான் விற்றார்கள். அமெரிக்காவில் அதுவே மியாட்டா. ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கிலாந்தில் வந்து இறங்கிய வண்டியை வாங்கினேன். இதுவரை நாலு ஸ்டியரிங் வீல் மாற்றியாயிற்று, அதில் இரண்டு தண்டச் செலவு. வந்த கேள்விகளில் முக்கால்வாசி முதல் தலைமுறை காரை (1989 முதல் 1997 வரை) பற்றியவை. அதை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, 350 மி.மீ. மோமோ கம்பெனி ஸ்டியரிங் வீல் ஒண்ணு வாங்கிட்டேன். பழசைக் கழட்டிட்டு அப்படியே மாட்டிடலாமா?

முடியாது தம்பி. உங்கள் கையில் இருப்பது வெறும் வளையம். ஸ்டியரிங் தண்டில் பல் பல்லாக வரி இருக்கும், அதை ஸ்ப்லைன் என்பார்கள். அந்தப் பற்களில் உட்காருவதற்கு உங்கள் காருக்கென்றே செய்த ஹப் ஒன்று வேண்டும். ஜப்பான்காரர்கள் அதை பாஸ் என்பார்கள். ஹப் தண்டில் ஏறும், ஹப்பின் முகத்தில் ஆறு சிறிய திருகால் வீல் ஏறும்.

எல்லோரும் வீலுக்குக் காசை அள்ளிக் கொடுத்துவிட்டு ஹப்பில் மிச்சம் பிடிக்கிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். தோல் கிழிந்த வீலால் ஒன்றும் ஆகிவிடாது. ஹப் ஆடினால் கார் உங்கள் பேச்சைக் கேட்காது. என் முதல் தண்டச் செலவு அதுதான். எந்தக் காருக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்ற மலிவான ஹப், ஆறு மாதத்தில் வளைவில் லேசாக 'டக்' என்றது. கழற்றிப் பார்த்தால் அலுமினியப் பற்கள் தேய்ந்து பளபளத்தன. அன்றே தூக்கிப் போட்டேன்.

கேள்வி: வீலில் ஆறு ஓட்டை, ஹப்பில் ஆறு ஓட்டை. ஆனாலும் திருகு இறங்க மாட்டேன் என்கிறது. ஏன்?

வீல் நார்டி கம்பெனியுடையதா? அப்படியானால் காரணம் 4 மி.மீ. வித்தியாசம். மோமோ, ஸ்பார்கோ, ஓஎம்பி வீல்களில் ஆறு ஓட்டைகளும் 70 மி.மீ. வட்டத்தில் இருக்கும். நார்டி, பெர்சனல் கம்பெனி வீல்களில் அது 74 மி.மீ. இருக்கும். கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இரண்டு அளவுக்கும் பன்னிரண்டு ஓட்டை போட்ட ஹப் கிடைக்கிறது, இல்லாவிட்டால் நடுவில் வைக்கும் தட்டு கிடைக்கிறது. அரத்தை எடுத்து ஓட்டையை நீட்ட வேண்டாம். நீட்டிய ஓட்டையில் வீல் மையத்தில் நிற்காது. சுமையும் ஆறு திருகுக்கும் சமமாகப் போகாது.

திருகுகள் தலை கூம்பி உள்ளே அமரும் வகை, எம்5 அளவு. அந்தக் கூம்புதான் வீலை நடுவில் நிறுத்துகிறது. கையில் கிடைத்த தட்டைத் தலைத் திருகைப் போடாதீர்கள். வண்ண வண்ணமாக வரும் அலுமினியத் திருகுகளையும் அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், காருக்கு இரும்பு போதும்.

கேள்வி: என்னுடையது 1995 அமெரிக்க மியாட்டா. ஏர்பேக் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு நார்டி போட ஆசை. மனைவி வேண்டாம் என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் மனைவி பக்கம்தான் நான்.

விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வி ஐந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது. ஜப்பானில் விற்ற ஆரம்பகால யூனோஸில் ஏர்பேக் கிடையாது. 1990இல் வந்த வி-ஸ்பெஷல் என்ற பச்சைக் காரில் நார்டி மர வீலை மாஸ்டாவே போட்டுக் கொடுத்தது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேருக்கு ஆசை வருகிறது. ஆனால் அமெரிக்காவுக்குப் போன கார்களில் முதல் நாளிலிருந்தே ஓட்டுநர் ஏர்பேக் உண்டு. 1994 முதல் பக்கத்து இருக்கைக்கும் சேர்ந்தது. என் காரில் வீலை மாற்றினால் நான் இழப்பது ஒரு பிளாஸ்டிக் வளையம். உங்கள் காரில் மாற்றினால் மோதலில் முகத்துக்கும் நெஞ்சுக்கும் முன்னால் விரிய வேண்டிய பை போய், அந்த இடத்தில் அலுமினிய ஆரக்கால்களும் ஹாரன் பொத்தானும் வரும். இரண்டும் ஒரே வேலை போலத் தெரியும், ஆனால் இல்லை.

முப்பது வருஷப் பழைய ஏர்பேக் வேலை செய்யுமா என்று கேட்பார்கள். வயதை மட்டும் வைத்துச் செய்யாது என்று முடிவு கட்ட முடியாது. இன்னொன்று: ஓட்டுநர் பக்கத்தைக் கழற்றியதும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அந்த இணைப்பில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகி விளக்கை அணைத்துவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். மறுபக்க ஏர்பேக்கில் நாளை கோளாறு வந்தாலும் சொல்ல வேண்டியது அதே விளக்குதான். நாளைக்குக் காரை வாங்குபவரையும் அது ஏமாற்றும்.

ரேஸ் தடத்துக்கு மட்டும் போகும் கார், உள்ளே உருளைக் கூண்டு, ஆறு முனை பெல்ட், தலைக்கவசம் என்றால் கதை வேறு. தினம் ஆபீசுக்குப் போகும் காரில், அதுவும் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைக்கும் காரில், நான் செய்ய மாட்டேன். வீல் வழுக்குகிறது, தோல் உரிகிறது என்பதுதான் குறை என்றால், ஏர்பேக்கைத் தொடாமல் வளையத்துக்கு மட்டும் புதுத் தோல் தைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டுக்கு வீட்டில் அனுமதி கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: எனக்குத் தடத்துக்கு மட்டும் ஓடும் கார்தான். ஏர்பேக் வீலை எப்படிக் கழற்றுவது?

முதலில் முன்சக்கரங்கள் நேராக நிற்கட்டும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். எம்எக்ஸ்-5-இல் பேட்டரி பின்னால் டிக்கியில் இருக்கும், பானட்டைத் திறந்து தேடிக்கொண்டிருக்காதீர்கள். கழற்றியதும் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்; குறைந்தது பத்து நிமிடம். பேட்டரி போனாலும் ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் அளவு மின்சாரம் உள்ளே கொஞ்ச நேரம் தேங்கி இருக்கும்.

வீலின் பின்பக்கத்திலிருந்து ஏர்பேக்கின் பிடிமானங்களை அவிழ்த்து, அதை மெல்ல முன்னால் இழுத்து, இணைப்பைப் பிரியுங்கள். தூக்கிப் போகும்போது முகப்பு உங்களைப் பார்க்கக் கூடாது. வைக்கும்போது முகப்பு மேலே பார்க்க வேண்டும். கவிழ்த்து வைத்து அது வெடித்தால் மேலே கிளம்பிவிடும்.

அடுத்து நடு நட், 21 மி.மீ. சாக்கெட். இங்கேதான் ஆட்கள் மூக்கை உடைத்துக்கொள்கிறார்கள். நட்டை முழுதாக எடுக்காதீர்கள். தளர்த்தி, நாலைந்து சுற்று தண்டிலேயே விடுங்கள். தண்டுக்கும் வீலுக்கும் சேர்த்து பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். பிறகு வீலை இடம் வலமாக ஆட்டி இழுங்கள். பட்டென்று விடுபட்டால் அந்த நட் தடுத்துக்கொள்ளும், உங்கள் பற்கள் தப்பும். வரவில்லை என்றால் வீலை இழுத்தெடுக்கும் புல்லர் என்ற கருவியைப் போடுங்கள். சுத்தியலால் தண்டைத் தட்டவே கூடாது. மோதலில் உள்ளுக்குள் மடங்கும்படி செய்த தண்டு அது. தட்டினால் அந்த அமைப்பும் பேரிங்கும் கெடும்.

வீலுக்குப் பின்னால் கிளாக் ஸ்பிரிங் என்று ஒரு வட்டப் பெட்டி இருக்கும், உள்ளே நாடா போலக் கம்பி சுருண்டிருக்கும். அதைச் சும்மா சுற்றி விளையாடாதீர்கள். மையம் தவறினால் முதல் முழு வளைவில் நாடா அறுந்துவிடும். பல ஹப்புகளில் ஹாரன் கம்பியும் அதன் வழியாகத்தான் வரும்.

மாட்டும்போது நடு நட்டை முறுக்க வேண்டிய அளவு 39 முதல் 49 நியூட்டன் மீட்டர். அதை அளந்து முறுக்கும் டார்க் ரென்ச் இல்லாவிட்டால் கடன் வாங்குங்கள்.

கேள்வி: மாட்டியாச்சு. இப்போ பேட்டரியை இணைச்சாலே ஹாரன் அலறுது. தெருவே எழுந்துடுச்சு!

அடடா. முதலில் ஹாரன் ஃப்யூஸைப் பிடுங்குங்கள், அண்டை வீட்டார் தூங்கட்டும்.

இந்தக் காரில் ஹாரனுக்கு மின்சாரம் எப்போதும் தயாராக இருக்கும். பொத்தான் செய்வது பூமிக்கு, அதாவது காரின் இரும்பு உடம்புக்கு, இணைப்பது மட்டும். ஆகவே அந்தக் கம்பி எங்காவது இரும்பைத் தொட்டால் ஹாரன் அடிக்கும். பொதுவாக ஹப்பின் விளிம்பில் கம்பி நசுங்கித் தோல் உரிந்திருக்கும். அல்லது பொத்தானின் பின்முனை வளைந்து ஹப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் போதும்.

ஹாரனே அடிக்கவில்லை என்பவர்களுக்கு எதிர் மருந்து: ஒற்றை முனைப் பொத்தான் தன் உடம்பு வழியாகப் பூமியைத் தேடும். நடுவில் கறுப்புப் பூச்சு பூசிய வளையம் இருந்தால் மின்சாரம் போகாது. ஒரு இடத்தில் பூச்சைச் சுரண்டுங்கள், அல்லது இரண்டு முனைப் பொத்தான் வாங்கித் தனியாகப் பூமிக் கம்பி கொடுங்கள்.

கேள்வி: 320, 330, 350, 360... எந்த அளவு சரி? எனக்குப் பவர் ஸ்டியரிங் இல்லை.

350 அல்லது 360. அதற்குக் கீழே போகாதீர்கள். வீல் என்பது நெம்புகோல். சுமார் 380 மி.மீ. வீலை எடுத்துவிட்டு 330 போட்டால் கை கொடுக்க வேண்டிய பலம் 15 சதவீதம் கூடும். ஓடும்போது தெரியாது, பார்க்கிங்கில் தோள்பட்டை சொல்லும். பவர் ஸ்டியரிங் பம்பைக் கழற்றிவிட்டு அதே ரேக்கை (முன்சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு) வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம், அந்த ரேக்கின் விகிதமே வேகமானது.

சின்ன வீல் மீட்டரையும் மறைக்கும். வாங்குமுன் அட்டையில் 330 வட்டம் வெட்டி, பழைய வீலின் முன்னால் பிடித்துப் பாருங்கள். வேகமானியின் மேல்பாதி தெரியாவிட்டால் வேண்டாம். காசில்லாத சோதனை, ஆனால் யாரும் செய்வதில்லை, நானும் செய்யவில்லை. என் இரண்டாவது தண்டச் செலவு அதுதான்.

உயரமானவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை. இந்தக் காரில் ஸ்டியரிங்கை மேலே கீழே நகர்த்த முடியாது, தொடை இடிக்கும். அவர்கள் 350க்கு வந்தாலே ஏறி இறங்குவது சுலபமாகும்.

கேள்வி: குழி ஆழமான வீல் அழகாக இருக்கிறதே?

அழகுதான். ஆனால் வளையம் உங்கள் நெஞ்சை நோக்கி வரும், விரல் இண்டிகேட்டர் குச்சிக்கு எட்டாது. முதுகை இருக்கையில் ஒட்டவைத்துக் கையை நீட்டினால் மணிக்கட்டு வளையத்தின் உச்சியில் விழ வேண்டும். உள்ளங்கை விழுந்தால் வீல் தூரம், முன்கை விழுந்தால் கிட்டே. ஹப்பின் உயரமும் இதில் சேரும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: நேரான ரோட்டில் போகும்போது என் புது வீல் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்து நிற்கிறது. இண்டிகேட்டரும் தானாக அணையவில்லை.

இரண்டும் ஒரே காரணமாக இருக்கலாம். கழற்றி ஒரு பல் நகர்த்தி மாட்டிப் பாருங்கள். ஹப்பின் பின்னால் இண்டிகேட்டரை அணைக்கும் முளைகள் இருக்கும், அவை தம் பள்ளத்தில் உட்கார்ந்தனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பல்லுக்கும் குறைவான சாய்வு என்றால் அது வீல் அலைன்மென்ட் கடை வேலை. முன்சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ராடைச் சரிசெய்வார்கள்.

கேள்வி: சட்டென்று கழற்றும் குவிக் ரிலீஸ் போடலாமா? திருட்டுக்குப் பயமில்லையே.

ரேஸ் கூண்டுக்குள் நுழைந்து வெளியே வருவதற்காக வந்த சாதனம் அது. நல்லது விலை அதிகம். மலிவானது சில மாதத்தில் ஆட்டம் கொடுக்கும். திருட்டுக்குப் பயந்தால் பூட்டு வாங்குங்கள்.

கேள்வி: பழைய மோமோ வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

திருப்பிப் பாருங்கள். ஆரக்காலின் பின்பக்கம் தயாரித்த தேதியும் ஜெர்மன் அனுமதியான கேபிஏ எண்ணும் பொறித்திருக்கும். போலிகளில் எழுத்து மழுங்கியிருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. பிறகு கண்ணாடி மேஜையில் கவிழ்த்து வையுங்கள், ஒரு பக்கம் தூக்கி நின்றால் எங்கேயோ யாரோ நெஞ்சால் மோதிய வீல் அது. ஓட்டைகள் நீள்வட்டமாகியிருந்தால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

கேள்வி: ஸ்டியரிங் மாற்றிய கார் அரசு வாகனச் சோதனையில் தேறுமா?

நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் தொழிற்சாலையில் பொருத்திய ஏர்பேக் காணாமல் போயிருந்தாலோ அதன் விளக்கு கோளாறு காட்டினாலோ எம்ஓடி என்ற வாகனச் சோதனையில் தேறாது. ஏர்பேக் இல்லாமல் பிறந்த யூனோஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஜெர்மனியில் வீலுக்கும் ஹப்புக்கும் அனுமதித் தாள் கேட்பார்கள், வாங்கும்போதே பெட்டியோடு வாங்கி வையுங்கள். ஜப்பானில் ஒரு வேடிக்கை: ஹாரன் பொத்தானில் ஊதுகொம்புப் படம் இருக்க வேண்டும். வெறும் கம்பெனிப் பெயர் போட்ட பொத்தானைச் சோதனையில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எங்கே இருந்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கழட்டின ஏர்பேக் வீலைக் கொரியர்ல அனுப்பி வித்துடலாமா அண்ணா?

சாதாரணப் பார்சலாக அனுப்பக் கூடாது தம்பி, அது ஆபத்தான சரக்குக் கணக்கில் வரும். விற்கவும் வேண்டாம் என்பேன். காரை என்றாவது விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது பழைய வீல் இருக்கிறதா என்றுதான். முகப்பு மேலே பார்க்க, ஈரமும் வெயிலும் படாத இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். நடு நட்டையும் திருகுகளையும் ஒரு பையில் போட்டு அதோடு கட்டிவிடுங்கள். என் பழைய வீல் பரணில் பத்திரமாக இருக்கிறது, நட்டைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.