மீதி ஒன்பது பங்குக்கும் கணக்கு உண்டு

கேள்வி: நான் தூத்துக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 46,000 ரூபாய் வருகிறது. மனைவி மெட்ரிக் பள்ளி ஆசிரியை, சம்பளம் 11,000. பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், உடன் என் தாயார். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான 5,700 ரூபாயை மாதந்தோறும் ஆலயத்துக்குத் தசமபாகமாகக் கொடுக்கிறோம். ஆலயக் கட்டட நிதிக்கு 50,000 தருவதாகப் பொருத்தனை செய்து மாதம் 5,000 வீதம் 20,000 கட்டியிருக்கிறேன். நகைக் கடன், பர்சனல் லோன், கிரெடிட் கார்டு பாக்கி எல்லாம் இருக்கின்றன. தசமபாகத்தைச் சிறிது காலம் நிறுத்தலாம் என்கிறார் மனைவி. நிறுத்தினால் ஆசீர்வாதம் போய்விடுமோ என்று எனக்குப் பயம். தசமபாகத்தை மொத்தச் சம்பளத்தில் கணக்கிட வேண்டுமா, கைக்கு வருவதிலா? இதற்கிடையே மைத்துனர் தன் 3 லட்ச ரூபாய் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: கடிதத்தோடு வரவு செலவுக் கணக்கையும் அனுப்பியதற்கு நன்றி. பத்தில் ஒன்பது பேர் அதை மட்டும் அனுப்புவதில்லை. அதை அப்படியே கூட்டிப் பார்த்தேன். வாடகை 9,000, மளிகை, பால், கேஸ் 13,000, பள்ளிக் கட்டணம் 6,000, பெட்ரோலும் போனும் 4,500, அம்மாவின் மருந்து 2,500, பர்சனல் லோன் தவணை 9,200, கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை 3,200, நகைக் கடன் வட்டி 1,350. இதோடு தசமபாகமும் கட்டட நிதியும் சேர்ந்தால் 59,450. வரவு 57,000. மாதம் 2,450 ரூபாய் துண்டு விழுகிறது. அந்தத் துண்டை எதில் தேய்க்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கார்டு பாக்கி 64,000-க்கு வளர்ந்திருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது.

அந்த கார்டைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்ப்போம். உங்கள் கார்டின் வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதம். 64,000-க்கு 2,240 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 403 ரூபாய். ஆக, நீங்கள் கட்டுகிற 3,200-ல் 557 ரூபாய்தான் அசலில் கழிகிறது. அதே மாதம் 2,450 புதிதாக ஏறுகிறது. ஒழுங்காகக் கட்டிக்கொண்டே வந்தும் கடன் மாதம் சுமார் 1,900 ரூபாய் கூடுகிறது.

இப்போது ஒரு கசப்பான விஷயம். கட்டட நிதிக்கு நீங்கள் போடும் 5,000-ல் ஏறக்குறைய பாதி உங்கள் பணம் அல்ல, வங்கியின் பணம். ஆண்டுக்கு நாற்பது சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்துக் கடன் வாங்கிக் காணிக்கை கவரில் வைக்கிறீர்கள்.

உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இருபத்து நான்கு வயதில், ஆலயத்தில் அறுப்பின் பண்டிகையன்று காணிக்கைப் பொருட்களை விடும் ஏலத்தில் ஒரு வாழைத்தாரை 1,100 ரூபாய்க்கு எடுத்தவன் நான். கடைத்தெருவில் அது 200 ரூபாய் பெறாது. எதிரே பெண் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள், அதுதான் விஷயம். மறுநாள் நண்பனிடம் கைமாற்று வாங்கிப் பணத்தைக் கட்டினேன். என் அம்மாவோ உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார். மாதக் கடைசியில் அது ஆலயத்துக்குப் போகும். வீட்டில் அரிசி இல்லாத நாளில் பானைக்கும் அரிசி கிடையாது. அடுத்த வீட்டில் கடன் வாங்கி அவர் அந்தப் பானையை நிரப்பியதே இல்லை. எனக்குத் தெரிந்த முதல் நிதி ஆலோசகர் அவர்தான்.

வேதம் இதற்கு வைத்திருக்கும் சொல் உக்கிராணக்காரன். எசமானுடைய பண்டசாலையைப் பார்த்துக்கொள்கிறவன். லூக்கா 16-ல் எசமான் அவனைக் கூப்பிட்டு, “உன் உக்கிராணக் கணக்கை ஒப்புவி” என்கிறான். அங்கே கேட்கப்படுவது முழுக் கணக்கு. நாமோ பத்தில் ஒரு பங்கைப் பயபக்தியோடு எண்ணி வைத்துவிட்டு, மீதி ஒன்பது பங்கு நம் இஷ்டம் என்று நடந்துகொள்கிறோம். கார்டுக்குப் போகிற 2,643 ரூபாய் வட்டியும் ஆண்டவருடைய பண்டசாலையிலிருந்துதான் போகிறது.

ஆகவே தசமபாகத்தை நிறுத்த நான் சொல்லமாட்டேன், ஓட்டை அங்கே இல்லை. ஆனால் பயத்தினால் கொடுப்பதை நிறுத்துங்கள். “விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே” என்று பவுல் 2 கொரிந்தியர் 9-ல் எழுதுகிறார். கொடுத்தால் இத்தனை மடங்கு திரும்பி வரும், நிறுத்தினால் சாபம் வரும் என்று கணக்குப் போடுவது காணிக்கை ஆகாது, அது சீட்டுப் பிடிக்கிற வேலை. மனைவியின் சம்பளமும் அதில் இருக்கிறது. அவர் மனமும் ஒப்ப வேண்டும். இருவரும் உட்கார்ந்து பேசி, ஓராண்டுக்கு 4,000 என்று முடிவு செய்தால் அதில் பாவம் ஒன்றும் இல்லை. மொத்தச் சம்பளமா, கைக்கு வருவதா என்றால், கைக்கு வருவதில் கொடுங்கள். பிஎஃப் பிடித்தம் பின்னால் உங்களுக்கே வரும். வரும்போது அதிலிருந்து கொடுத்துக்கொள்ளலாம்.

கட்டட நிதி வேறு. அதை இந்த மாதமே நிறுத்திவையுங்கள். போதகரிடம் நேரில் போய், “மீதி 30,000-ஐ மாதம் 1,000 வீதம் கட்டுகிறேன், ஆரம்பிக்கச் சற்று அவகாசம் வேண்டும்” என்று சொல்லுங்கள். கூச்சமாக இருக்கும்தான். கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டவர் இயேசு. அதை வைத்துப் பிரசங்கம் செய்யாத போதகர் இருக்கமாட்டார்.

அடுத்தது கார்டு. நிறுத்திவைக்கும் 5,000-ஐ மட்டும் நம்பினால் அதை அடைக்கப் பதினைந்து மாதம் ஆகும். அதனால் வீட்டில் இருக்கிற நகையில் ஒன்றை விற்று ஒரே தவணையில் முடித்துவிடுவதே நல்லது. அடகு வைக்க வேண்டாம், விற்றுவிடுங்கள். ஏற்கெனவே அடகில் இருக்கும் 1,80,000 ரூபாய் நகைக் கடனுக்கு ஆண்டுக்கு 16,200 வீதம் மூன்று ஆண்டுகளாக வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே இருக்கிறீர்கள். 48,600 ரூபாய் போனது, அசல் அசையவில்லை. அந்த நகை எந்தக் கல்யாணத்தையும் பார்க்கவில்லை. ஆனால் ஒன்று, நகை உங்கள் மனைவியுடையது. விற்பதா வேண்டாமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் சம்மதித்தால், விற்கும் அன்றே கார்டைக் கத்தரியால் வெட்டிக் கணக்கையும் முடித்துவிடுங்கள். வெட்டாமல் விற்றால் ஆறு மாதத்தில் நகையும் இருக்காது, கடனும் திரும்ப வந்திருக்கும். இப்படி நிறையப் பார்த்துவிட்டேன்.

கார்டு ஒழிந்தால், தசமபாகத்தைத் தொடாமலே மாதம் 5,750 மிஞ்சும். ஆயிரத்தைக் கட்டட நிதிக்கு எடுத்து வையுங்கள். 1,500-ஐத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். டேர்ம் இன்சூரன்ஸ், அவசரச் செலவு, கிறிஸ்துமஸ் மூன்றும் அதிலிருந்துதான். (டிசம்பர் 25 வருடாவருடம் அதே தேதியில்தான் வருகிறது. இருந்தும் நவம்பர் கடைசியில் துணிக்கடை வாசலில் நாம் திடுக்கிட்டுப் போகிறோம்.) மீதி 3,250-ஐ வட்டியோடு சேர்த்து நகைக் கடனில் கட்டுங்கள். பர்சனல் லோன் இன்னும் பதினான்கு மாதத்தில் முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது முடிந்ததும் அந்த 9,200-ஐயும் இதிலேயே திருப்பிவிட்டால், இன்றிலிருந்து இரண்டு ஆண்டுகளில் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

இன்சூரன்ஸ் எடுப்பது அவிசுவாசம் என்று சிலர் சொல்வார்கள். செழிப்பான ஏழு வருஷத்தில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்த யோசேப்பை அவர்கள் என்ன சொல்வார்களோ தெரியவில்லை.

அம்மாவின் மருந்துச் செலவில் கை வைக்காதீர்கள். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் ‘கொர்பான்’ என்று காணிக்கையாக ஒதுக்கிவிட்டுக் கையை விரித்தவர்களை இயேசு கண்டித்தது மாற்கு 7-ல் இருக்கிறது. அம்மாவுக்காக இன்னொன்றும் செய்ய வேண்டும், உயில் எழுதுங்கள். கிறிஸ்தவர்களான நமக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் எழுதாமல் நீங்கள் இறந்தால் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் போகும். பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்குச் சட்டப்படி ஒன்றும் கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்துப் போட்டால் உயில் செல்லும். கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் ஏதாவது வைத்திருந்தால் அது செல்லாது. அந்தச் சட்டப்படி, திருமணத்தோடு பழைய உயில் ரத்தாகிவிடுகிறது.

மைத்துனருக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். அவர் கட்டாவிட்டால் வங்கி அவரைத் துரத்திப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வரும் என்று எண்ணாதீர்கள். ஒப்பந்தச் சட்டப்படி அவருக்குள்ள பொறுப்பு முழுவதும் உங்களுக்கும் உண்டு, நேராக உங்கள் வீட்டுக்கே வரலாம். “கடனுக்காகப் பிணைப்படுகிறவர்களில் ஒருவனாயிராதே” என்கிறது நீதிமொழிகள் 22. முடிந்தால் ஐயாயிரமோ பத்தாயிரமோ திரும்ப வராது என்று நினைத்துக் கையில் கொடுங்கள். மனைவியின் தம்பி என்பதால், முடியாது என்பதை நீங்கள் தனியாகப் போய்ச் சொல்லாமல் இருவரும் சேர்ந்து சொல்வது நல்லது.

அறுப்பின் பண்டிகைக்கு வழக்கம்போல் குடும்பத்தோடு போங்கள். ஏலம் தொடங்கும்போது மட்டும் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.